காலில் கட்டிய தங்கம்

அத்தையின் சாமி மாடத்தில், லட்சுமி படத்துக்குக் கீழே, அந்தப் பட்டைகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. மேலே குங்குமப் பொட்டு, அதன்மேல் ஒரு செம்பருத்தி. எங்கள் ஆய்வுக்கூடத்தில் நானும் சேர்ந்து செய்த, புண்மேல் வைத்துக் கட்டும் பட்டைகள். மாமாவின் காலில் இருந்திருக்க வேண்டியவை.

மாமா என் அம்மாவின் அண்ணன். குருவிநத்தத்தில் கரும்பும் நெல்லும் பயிரிடுபவர். "கரும்பு போட்டவன் காலையே சக்கர தின்னுது பாரு" என்று தன் நோயைத் தானே கிண்டல் செய்வார். பாதத்தில் வந்த புண் ஆறவே இல்லை. அதைவிடப் பெரிய தொல்லை, அந்தக் காலில் உணர்ச்சி செத்துப்போயிருந்தது. சீழ் பிடித்தாலும் வலிக்காது. வலிக்காத புண்ணை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? அந்த வாயில்லாத காலுக்காகப் பேசத்தான் எங்கள் பட்டை. அதில் தங்கத்தின் நானோ துகள்கள் இருக்கும். தங்கத்தை அவ்வளவு நுண்ணியதாக்கினால் அதன் மஞ்சள் போய்ச் சிவப்பாகிவிடும். புண்ணில் கிருமி பெருகினால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், சிவப்பு நீலமாகும். நீலம் தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அந்தப் பட்டைக்காக மருத்துவமனையில் நடந்த சோதனையில் மாமா விரும்பித்தான் சேர்ந்தார். அதில் இருப்பது தங்கம் என்பதையும் சொல்லித்தான் டாக்டர் பட்டைகளைக் கொடுத்தார். மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை. மதகடிப்பட்டு டீக்கடை வரைக்கும் சொல்லிவிட்டார்.

காலையில் அத்தைக்குப் போன் செய்து நிறம் கேட்பேன். "செவப்பாத்தான் கீதுடி, நீ கவலப்படாத" என்பார். அத்தைக்குப் பொய் சொல்லத் தெரியாது. சிவப்பாகத்தான் இருந்தன, சாமி மாடத்தில்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். வீட்டுக்குள் நுழையும்போதே நாற்றம் அடித்தது. மாமாவின் காலில் வெறும் துணிக்கட்டு. பட்டை எங்கே என்று கேட்டதும் அத்தை மாடத்தைக் காட்டினார்.

"கால்ல போயி தங்கத்தக் கட்டுவாங்களாடி? கொலுசே வெள்ளியிலதான போடறோம். மகாலட்சுமி கோச்சிக்க மாட்டாளா? அதான் அங்க வச்சி, தெனம் வெளக்கேத்தி, அவரு காலுக்கு வேண்டிக்கறேன்."

மாமா கட்டிலில் இருந்தபடி, "உங்க அத்த சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. படித்துப் படித்துச் சொன்னோமே என்று கத்தத்தான் வாயைத் திறந்தேன். அந்தச் செம்பருத்தி கண்ணில் பட்டது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒருவரும் அந்தப் பட்டையை அவ்வளவு மரியாதையாகத் தொட்டதில்லை.

அன்றே வண்டி பிடித்து மாமாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கட்டைவிரலை எடுக்க வேண்டியதாயிற்று. இன்னும் கொஞ்சம் தள்ளிப்போட்டிருந்தால் பாதமே போயிருக்கும் என்றார் டாக்டர். அத்தை சோற்றைத் தொடவில்லை. "நாந்தான்டி கெடுத்துட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். யாரைக் கேட்டாலும் அத்தை பக்கம்தான் நியாயம் சொல்லியிருப்பார்கள், எங்கள் ஊரில் தங்கத்தைக் காலில் கட்டுகிறவர் யார்? நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இப்போது மாமா சற்றே விந்தி விந்தி வரப்பில் நடக்கிறார். எங்கள் சோதனைக்கு வருகிறவர்களிடம், காலில் தங்கம் படலாமா என்று முதலிலேயே கேட்டுவிடுகிறோம். சிலர் தயங்குவார்கள். அவர்களுக்கு நான் அறிவியல் எதுவும் சொல்வதில்லை. வார்டில் அத்தை செய்ததைத்தான் சொல்வேன்.

அறுவை முடிந்து புண் ஆறத் தொடங்கியதும், நர்ஸ் புதுப் பட்டையை எடுத்துக்கொண்டு வந்தார். "எங்கிட்ட குடும்மா" என்று அத்தை வாங்கினார். சுத்தமாகக் கை கழுவி, நர்ஸ் காட்டிய இடத்தில் பட்டையை வைத்தார். கட்டுத்துணியைச் சுற்றிக்கொண்டே, எதிரில் ஆள் நிற்பது போலப் பேசினார்.

"நெல்லும் நீதான தாயே. களத்துல ஒன்ன மிதிச்சி மிதிச்சித்தான் இந்த மனுசன் எங்களுக்குச் சோறு போட்டாரு. அப்பல்லாம் நீ கோச்சிக்கல. இப்ப மட்டும் இன்னா கோச்சிக்கப் போற?"

விரலை எடுத்தபோதுகூட அழாத மாமா, அப்போது அழுதார்.