பெட்டியில் நான் போட்ட மன்றாட்டு

அன்பு உறவுகளே, சாட்சி சொல்ல வருகிறவர்கள் பெற்ற நன்மையை முதலில் சொல்வார்கள். எனக்கு அந்த யோக்கியதை இல்லை. நான் செய்த கேவலத்தைச் சொல்லிவிட்டுத்தான் நன்மைக்கு வர வேண்டும்.

சென்ற ஆண்டு பொங்கல் முடிந்த வாரம், என் கணவர் சேவியர் குளியலறையில் விழுந்தார். பக்கவாதம். வலது கை, வலது கால், பேச்சு எல்லாம் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம் வைத்திருந்து, ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் ஃபிளாட்டுக்கு அனுப்பினார்கள். வந்த பத்தே நாளில் இடுப்புக்குக் கீழே படுக்கைப் புண். முதலில் ஒரு ரூபாய் அளவு, அப்புறம் உள்ளங்கை அளவு. "இன்னும் ஆழமா போனா ரத்தத்துல கலந்துடும்மா. அப்புறம் எங்க கையில இல்ல" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடுத்தடுத்து வைத்த இரண்டு ஹோம் நர்சுகளும் வேலையை விட்டு நின்றுவிட்டார்கள். ஒரே மகள் வெளிநாட்டில்.

பெண்டாட்டி நீ என்ன செய்தாய் என்று கேட்பீர்கள். நான் அறை வாசலில் நின்றேன். முப்பது வருடம் குடும்பம் நடத்திய மனிதரின் புண்ணைப் பார்த்து எனக்குக் குமட்டியது. ஜெபமாலையை மட்டும் விடவில்லை. "மாதாவே, யாரையாவது அனுப்பும்" என்று அழுதேன். அந்த அழுகை உண்மைதான்.

மாதா அனுப்பினார். திருநீற்றுப் புதனுக்கு மறுநாள் காலை பத்து மணிக்கு அழைப்பு மணி அடித்தது. சிஸ்டர் பாக்கியம். நம் கோவிலுக்குப் பின்னால் உள்ள கன்னியர் மடத்தில் இருந்தவர். நர்ஸ் வேலை படித்தவர். கால்வாய்க் கரை வீடுகளுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு தினமும் நடந்தே போய்ப் புண் கட்டுவார். சைதாப்பேட்டை மார்க்கெட் பக்கம் பிறந்து வளர்ந்தவர். மடத்தில் நாற்பது வருடம் இருந்தும் அந்தப் பேச்சு அவரை விடவில்லை.

"இன்னா நைனா, ஒரே பக்கமா பட்த்துகினு கீறியே. திரும்பு, பாக்கலாம்" என்றார் என் கணவரிடம்.

அவருடைய பாதி முகம் சிரித்தது. எனக்கோ உடம்பு கூசியது. ஒரு சிஸ்டர் பேசுகிற பேச்சா இது? பக்கத்து ஃபிளாட்டில் கேட்டால் என்ன நினைப்பார்கள்? என் கவலை அப்படி இருந்தது.

அன்றிலிருந்து தினமும் பத்து மணிக்கு வந்தார். புண்ணைக் கழுவிக் கட்டுவார். அழுக்கான விரிப்பை அவரே அலசிப் போடுவார். காபி கொடுத்தால் வேண்டாம் என்பார். ஒரே ஒரு தொல்லை. கட்டுப் போடும்போதெல்லாம் "ஸ்டெல்லா, இங்க வந்து புடிம்மா" என்று கூப்பிடுவார். எனக்கு அந்த நேரம் பார்த்துக் குக்கர் விசில் அடிக்கும், போன் வரும்.

எங்கள் தெருவின் அன்பியத்துக்கு நான்தான் செயலர். வீடு வீடாகக் கூடி ஜெபிக்கிற குழு அது. ஒரு நாள் அந்தப் பெண்கள் நான்கு பேர் வந்திருந்தார்கள். சிஸ்டர் அறைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, ஊருக்கெல்லாம் ஜெபம் சொல்ற. உன் புருஷன நீ தொடமாட்டியா? என் கையில இது ஆறாது. உன் கையில தான் ஆறும்" என்றார். நான்கு பேரும் தரையைப் பார்த்தார்கள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அந்தச் சனிக்கிழமை, ஒன்பது வாரம் தொடர்ந்து வேண்டுகிற நவநாளுக்குப் போனேன். மாதா பீடத்துக்குப் பக்கத்தில் மன்றாட்டுப் பெட்டி இருக்கிறதல்லவா? ஒரு சீட்டில் எழுதிப் போட்டேன். "மாதாவே, சிஸ்டர் பாக்கியத்தை வேறு ஊருக்கு மாற்றிவிடும். நாகரிகம் தெரிந்த ஒருவரை அனுப்பும்." பெயர் போடவில்லை. ஒன்பது வாரமும் அதே சீட்டு. பெட்டியைப் பங்குச் சாமியார்தான் திறப்பார் என்று நினைத்திருந்தேன்.

இளைய சிஸ்டர் ரீனா மன்றாட்டுகளை மைக்கில் வாசிப்பார். பரீட்சை, குழந்தை வரம், வேலை என்று வரிசையாக வரும். கடைசியில், "வாசிக்க இயலாத ஒரு வேண்டுதலுக்காகவும் மன்றாடுவோம்" என்பார். எந்தப் பாவியின் வேண்டுதலோ என்று நினைத்துக்கொண்டு நானும் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று பதில் சொன்னேன்.

ஒன்பதாவது வாரம் மாற்றல் வந்தது. தூரத்தில் ஒரு தொழுநோயாளர் இல்லம். மே மாதம் சிஸ்டர்களுக்கு மாற்றல் வருவது வழக்கம்தான். நான் அதை என் ஜெபத்துக்குக் கிடைத்த பதிலாகவே எடுத்துக்கொண்டேன். சந்தோஷத்தில் மெழுகுதிரி கூட ஏற்றினேன், உறவுகளே. எழுதவே கை கூசுகிறது.

கடைசி நாள் சிஸ்டர் பஞ்சையும் கட்டுத் துணியையும் என் கையில் கொடுத்தார். "நாளிக்கு யாரும் வரமாட்டாங்கோ. நீ தான் பாத்துக்கணும்மா" என்றார்.

நாகரிகம் தெரிந்த யாரும் வரவில்லை. மடத்தில் கேட்டேன், ஆள் இல்லை என்றார்கள். இரண்டு நாள் அப்படியே விட்டேன். வாடை கூடத்துக்கே வந்துவிட்டது. மூன்றாம் நாள் வேறு வழியில்லாமல் உள்ளே போனேன். வாந்தி எடுத்தேன். வாயைக் கழுவிக்கொண்டு மறுபடி போனேன். கட்டை அவிழ்த்தபோது அவர் அழுதார். வலியா என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்துவிட்டு, இடது கையால் முகத்தை மூடிக்கொண்டார். அவருக்கு வெட்கம். இத்தனை நாளும் வாசலில் நின்று நான் மூக்கைப் பொத்தியதை அவர் பார்த்துக்கொண்டேதான் படுத்திருந்திருக்கிறார்.

அதன் பிறகு ஒரு நாளும் தவறவில்லை. இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைத்தேன். நான்காவது வாரம் புண்ணின் ஓரத்தில் சிவப்பாகப் புதுச் சதை தெரிந்தது. ஆகஸ்டில் மாதா விண்ணேற்புத் திருவிழாவுக்குள் ஆறிவிட்டது. ஒரு நாள் காலையில் அவரைத் திருப்பியபோது, என் முகத்தைப் பார்த்து "இன்னா" என்றார். விழுந்த பிறகு அவர் தெளிவாகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். கட்டிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், அழுதேன். இப்போது கோல் ஊன்றிப் பூசைக்கு வருகிறார். பிழைத்தது அதிசயம் என்கிறார் டாக்டர்.

சிஸ்டர் பாக்கியம் போன மாதம் இறந்துவிட்டார். இங்கே நடந்த இரங்கல் திருப்பலி முடிந்ததும், சிஸ்டர் ரீனா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஆன்ட்டி, மன்றாட்டுப் பெட்டிய தெறக்கறது நானும் பாக்கியம் சிஸ்டரும்தான். அன்பியம் நோட்டீஸ் எல்லாம் நீங்கதானே எழுதுவீங்க? கையெழுத்த பாத்ததுமே தெரிஞ்சிடுச்சி. நான் அந்தச் சீட்ட கிழிக்கப் போனேன். 'மாதாவுக்கு வந்த லெட்டர கிழிக்க நீ யாரு'ன்னு கேட்டாங்க. அந்தச் சீட்டுல கேட்டது நடக்கணும்னு ஒவ்வொரு சனிக்கிழமையும் முட்டி போட்டு ஜெபம் பண்ணாங்க."

மாற்றல் வந்தபோது என்ன சொன்னார் என்று மட்டும் கேட்டேன்.

"சிரிச்சாங்க ஆன்ட்டி. 'ஸ்டெல்லா கேட்டது கெட்ச்சிட்ச்சி பாரு. இனிமே அந்தப் பொண்ணு கை வெச்சிடும். நைனா பொழச்சிக்கும்'னாங்க."

ஒன்பது சனிக்கிழமையும் சிஸ்டர் முதல் வரிசையில் முழங்காலில் இருந்தார். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே "சீக்கிரம் போகட்டும்" என்றேன். அவர் மாற்றலாகிப் போன பிறகு நான் ஒரு போன் கூடச் செய்யவில்லை.

இப்போது காலை பத்து மணிக்கு நான் கால்வாய்க் கரைக்குப் போகிறேன். அங்கே சர்க்கரை நோயில் கால் புண்ணாகிக் கிடக்கும் ஒரு அம்மாவுக்குக் கட்டுப் போடுகிறேன். இன்னமும் எனக்கு முகம் சுளிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் போகிறேன்.

உறவுகளே, தைரியமாகக் கேளுங்கள். என் போன்றவளின் ஜெபத்தையே தள்ளாத தாய், உங்களுடையதையா தள்ளிவிடுவார்? உதவி வேண்டினால், யார் வந்து நின்றாலும் கதவைத் திறந்துவிடுங்கள். அவர்கள் பேச்சைப் பார்க்காதீர்கள்.

மன்னிப்புக் கேட்க அவர் இல்லை. அதனால் உங்கள் எல்லோர் முன்னாலும் சொல்கிறேன். சிஸ்டர், அந்தச் சீட்டை எழுதியது நான்தான். உங்களுக்குத் தெரியும். இனி எல்லோருக்கும் தெரியட்டும்.