வடிக்காத கஞ்சி

இன்று ஆபீஸ் மெஸ்ஸில் நானும் சமையல்காரரும்தான் இருந்தோம். மற்றவர்கள் லீவில் ஊருக்குப் போயிருந்தார்கள். அவர் சோறு வடித்தார். கஞ்சியின் ஆவி முகத்தில் பட்டதும் சைதாப்பேட்டை வீட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அது உலக யுத்தக் காலம். அரிசி ரேஷனில்தான் கிடைத்தது. எங்கள் வீட்டில் முதன்முதலாக எழுத்துக் கூட்டிப் படித்தவன் நான். ரேஷன் கடையில் கொடுத்த சர்க்கார் நோட்டீஸை உரக்கப் படித்தேன்: "சோற்றை வடித்துக் கஞ்சியைக் கொட்டாதீர்கள். சத்து வீணாகிறது."

"கேட்டுக்கினியா? இனிமே வடிக்காத" என்றார் நைனா.

"சர்க்காரே வந்து ஒல வைக்கட்டும்" என்று அம்மா சிரித்தாள். ஆனாலும் மறுநாளே தண்ணீரை அளந்து வைத்துப் பொங்கினாள். நைனாவும் நானும் தங்கையும் வழித்துச் சாப்பிட்டோம்.

ஒரு மாதம் கழித்து, அம்மா குழாயடியில் மயங்கி விழுந்தாள். தூக்கி வந்த பக்கத்து வீட்டு அக்கா கேட்டாள்: "இன்னாடி, கஞ்சியாவது குடிச்சியா?"

எங்கள் வீட்டில் யாரும் கஞ்சியைக் கொட்டியதே இல்லை. சோறு எங்களுக்கு, கஞ்சி அம்மாவுக்கு. உப்புப் போட்டு அவள் குடிப்பதைத் தினம் பார்த்தும், அதுதான் அவள் சாப்பாடு என்று நான் நினைத்ததில்லை. வடிக்காத அந்த மாதம் அவளுக்கு மிஞ்சியது பானையில் ஒட்டிய பருக்கைதான்.

"ஏம்மே சொல்லல?" என்று நைனா கத்தினார்.

"புள்ள படிச்சி சொல்லிச்சி. அத்தப் போயி தப்புன்னு எப்டி சொல்றது?"

மெஸ்ஸில் ஒரு டம்ளர் கஞ்சி கேட்டு வாங்கினேன். குடிக்க முடியவில்லை. நான் பெருமையாகப் படித்த இரண்டு வரிக்கு அம்மா கொடுத்தது முப்பது நாள் சாப்பாடு.