கயிற்றின் கீழ் முனை

என் கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் மேலே போகிற ஆட்கள். கூடாரம், முதுகுப்பை, கயிறு, நெற்றியில் கட்டும் விளக்கு என்று வாங்கிக்கொண்டு, எந்தச் சங்கத்திலும் சேராமல், வழிகாட்டியும் வைத்துக்கொள்ளாமல் தாங்களாகவே கிளம்பிவிடுவார்கள். திரும்பி வந்ததும் கடையில் உட்கார்ந்து அளப்பார்கள். கேட்டுக் கேட்டு என் காது புளித்துப் போயிருக்கிறது. அப்படி அளக்காத ஒரே ஆள் பூட்டு அக்கா. அளப்பதற்கு அவர் மேலே போனதே இல்லை.

பூட்டு என்பது நாங்கள் வைத்த பட்டப்பெயர். பாறை ஏறுகிறவரின் இடுப்பில் கட்டிய கயிறு, உச்சியில் அடித்திருக்கும் இரும்பு வளையத்துக்குள் நுழைந்து மறுபடி கீழே வரும். அந்த முனையை ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். மேலே இருப்பவர் ஏற ஏறத் தொய்வை இழுக்க வேண்டும், வழுக்கினால் தாங்க வேண்டும், கடைசியில் பதமாக இறக்கிவிட வேண்டும். அக்கா பிடித்தால் பூட்டுப் போட்ட மாதிரிதான். வார நாட்களில் மருந்துக்கடையில் நின்று டாக்டர்களின் கிறுக்கலைப் படிப்பார். ஞாயிற்றுக்கிழமை கணவருக்குக் கயிறு பிடிப்பார். கல்யாணமான புதிதில் ஆரம்பித்தது, முன்தலை நரைத்த பிறகும் நடந்துகொண்டிருந்தது.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரார் தொங்கும் கம்பிகளை வாரம் முழுக்கத் தட்டிப் பார்ப்பவர். தங்கமான மனிதர், ஆனால் தன் வீரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. அந்தக் கதைகளில் அக்கா வரவே மாட்டார். நான் ஒருமுறை ஞாபகப்படுத்தினேன். "அவளுக்கென்ன, கீழ நிக்கிறதுதானே" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

ஒரு நாள் அக்கா தனியாகக் கடைக்கு வந்து, பாறை ஏறும் காலணி கேட்டார்.

"யாருக்குக்கா?"

"எனக்குத்தான். ஏன், என் காலுக்கு நுழையாதா?"

"அதுக்கில்லக்கா..."

"ஒரே ஒரு தடவை அந்தப் பாறையில நானே ஏறி மேல நின்னு பாத்துடணும்டா. இத்தனை வருஷமா அவரு காலோட அடிப்பக்கத்தைத்தான் பாத்துட்டிருக்கேன்."

காலணியை வீட்டுக்கு எடுத்துப் போனார். கணவர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "நீ மேல போயிட்டா கீழ யாரு நிப்பாங்க?" என்று கேட்டிருக்கிறார். "நீங்கதான்" என்றிருக்கிறார் அக்கா. அதற்கு அந்த மனிதர் கண்ணில் நீர் வரச் சிரித்திருக்கிறார். முடியாது என்று சொல்லியிருந்தால்கூட அக்கா இரண்டு நாள் சண்டை போட்டுவிட்டு ஆறியிருப்பார். சிரித்ததுதான் தாங்கவில்லை. அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டார். அவரும் ரோஷக்காரர், தானும் நிறுத்திக்கொண்டார்.

வீட்டில் மூன்றாவது ஆள் கிடையாது. அதனால் இருவரும் ஃப்ரிட்ஜிடம் பேச ஆரம்பித்தார்கள். "சோறு மேசையில இருக்கு, வேணுங்கறவங்க போட்டுக்கலாம்" என்று அக்கா அதன் கதவைப் பார்த்துச் சொல்வார். "குழாய் ஒழுகுது, யாராச்சும் பாத்தாங்களா?" என்று அவர் அதே கதவைப் பார்த்துக் கேட்பார். கடையில் வந்து அவர் புலம்பினார்: "நேத்து அதுகிட்ட என்னைப் பத்தி அரை மணி நேரம் பேசினாப்பா." புருஷன் பெண்டாட்டி சண்டையில் தலையிட்டால் இரண்டு பக்கமும் அடி விழும். நான் கல்லாப்பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

இவ்வளவுக்கும் நடுவில் ஞாயிறு வந்தது. வரவில்லை என்று முதலில் சொல்பவர் தோற்றவர் என்று நினைத்தார்களோ என்னவோ, இருவருமே வந்துவிட்டார்கள். நான் வழக்கம்போலப் பின்பக்கப் பாதை வழியாக ஏறி, வளையத்தில் கயிற்றைக் கோத்துவிட்டு வந்தேன். பிறகு தள்ளிப் போய் ஒரு கல்லில் உட்கார்ந்து ஃப்ளாஸ்கைத் திறந்தேன்.

பாறையில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கிளம்புவதற்கு முன் ஒருவர் முடிச்சை மற்றவர் தொட்டுப் பார்ப்பார். "முடிச்சு?" என்று ஒருவர் கேட்க, "சரி" என்று மற்றவர் வாய் திறந்து சொல்ல வேண்டும். தலையாட்டினால் செல்லாது. அன்றைக்குக் கணவர் முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கும்போதே கைபேசி அடித்தது. ஏதோ கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது, உள்ளே ஆள். "பதறாதீங்க, கதவைத் தள்ளாதீங்க, பையன் வந்துட்டிருக்கான்" என்று பொறுமையாகச் சொல்லி முடித்தார். போனைப் பையில் போட்டார். அக்கா வானத்தைப் பார்த்தார், அவர் பாறையைப் பார்த்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. அவர் ஏறத் தொடங்கினார்.

கோபம் இருந்தாலும் அக்கா கயிற்றில் குறை வைக்கவில்லை. அவர் ஒரு பிடி ஏறினால் ஒரு பிடி இழுத்தார். கணவர் உச்சியை நெருங்கிவிட்டார். வளையத்துக்குக் கீழே கால் வைக்கக் குறுகலாக ஒரு திட்டு உண்டு. அங்கே நின்று, கைகளை விட்டுவிட்டு, நாற்காலியில் சாய்வதுபோலப் பின்னால் சாய வேண்டும். "இறக்கு" என்று சொல்லிவிட்டுச் சாய்வது முறை. பேச்சே இல்லாதபோது என்ன முறை? சாய்ந்துவிடுவார், அவ்வளவுதான்.

அப்போதுதான் அக்கா கண்ணில் அது பட்டது. அவர் இடுப்பிலிருந்து கயிற்றின் முனை நீளமாகத் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. ஒழுங்காகப் போட்ட முடிச்சில் ஒரு சாண்தான் மிஞ்சும். அவர் கயிற்றை இடுப்புப் பட்டைக்குள் நுழைத்துவிட்டு, திருப்பிக் கோக்கும்போது போன் வந்து பாதியில் விட்டிருக்கிறார். சாய்ந்தால் முடிச்சு உருவிக்கொண்டு வந்துவிடும். அக்கா எவ்வளவு கெட்டியாகப் பிடித்தாலும் பிரயோஜனமில்லை.

நானும் பார்த்துவிட்டேன். கத்த வாயெடுத்தவனை அக்கா கை காட்டி அடக்கினார். கத்தினால் திடுக்கிட்டு அங்கேயே கையை விடுவார்.

"ஏங்க," என்றார் அக்கா. சாப்பிடக் கூப்பிடுகிற அதே குரல்.

மேலே அவர் சிரித்தார். "பேச்சு வந்துடுச்சா மகாராணிக்கு?"

"வந்துடுச்சு. நீங்க ஜெயிச்சிட்டீங்க. சாயாதீங்க. ரெண்டு கையும் பாறையிலேயே இருக்கட்டும்."

"ஏன்?"

"சொல்றதைக் கேளுங்க. இடது இடுப்புல, பட்டையோட சேத்துக் கட்டின குட்டிக் கயிறும் கொக்கியும் இருக்கு. அதை எடுத்து வளையத்துல மாட்டுங்க. ஒத்தைக் கையாலயே. அவசரமே இல்ல."

அவர் குனிந்து இடுப்பைப் பார்த்தார். பார்த்ததும் வலது கால் வெடவெடவென்று ஆடியது. கீழே இருந்தே எனக்குத் தெரிந்தது.

"கால் நடுங்குதும்மா."

"நடுங்கட்டும், பரவாயில்ல. கொக்கியை எடுங்க."

கொக்கி ஒருமுறை வளையத்தில் மோதி வழுக்கியது. மறுமுறை மாட்டியது. அந்தச் சத்தத்தைப்போல ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. அதன் பிறகு அக்கா அவரை முடிச்சை முதலிலிருந்து போட வைத்தார். ஒவ்வொரு சுற்றையும் வாய்விட்டுச் சொல்ல வைத்தார், பள்ளிக்கூடப் பிள்ளையிடம் வாய்ப்பாடு கேட்பதுபோல.

"முடிச்சு?"

"சரி."

"இன்னொரு தடவை பாத்துச் சொல்லுங்க."

"சரிம்மா. சரி."

இறக்கினார். தரையில் கால் பட்டதும் அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அக்கா கயிற்றை விட்டுவிட்டுத் தள்ளிப் போய் வாந்தி எடுத்தார். வாயைக் கழுவிக்கொண்டு வந்து, "அறிவிருக்கா உங்களுக்கு?" என்று ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. அவர் தலை குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். கடைசியில், "நீ ஏறும்மா, நான் பிடிக்கிறேன்" என்றார்.

"இந்தக் கையை நம்பியா? முதல்ல பிடிக்கப் பழகுங்க."

நியாயம்தான். இத்தனை வருஷத்தில் அவர் யாருக்கும் கயிறு பிடித்ததில்லை, அதில் பழக என்ன இருக்கிறது என்று நினைத்தவர். வேலை முடிந்ததும் தினமும் என் கடைக்கு வந்தார். முதுகுப்பையில் தண்ணீர்க் கேன்களை அடைத்து மாடிப்படிக் கம்பியில் தொங்கவிட்டு, பிடிக்கவும் இறக்கவும் பழகினார். முதல் வாரம் பை தொப்பென்று விழுந்து கடை நனைந்தது. அக்கா மருந்துக்கடையை முடித்துவிட்டு வந்து முக்காலியில் உட்கார்ந்திருப்பார். "இப்ப செத்தது நான்" என்பார் நிதானமாக. அவர் முகம் வெளுத்துவிடும். அக்கா எத்தனை முறை செத்தார் என்று நான் எண்ணவில்லை. ஈரத்தைத் துடைத்தது மட்டும் நான்தான்.

ஒரு கட்டத்தில் பை விழுவது நின்றது. அதற்கப்புறமும் கொஞ்ச நாள் காக்க வைத்துவிட்டுத்தான் அக்கா சம்மதித்தார்.

அவர் ஏறியது பார்க்க அழகாக ஒன்றும் இல்லை. முழங்காலைத் தேய்த்துக்கொண்டார், நடுவில் இரண்டு முறை வழுக்கினார், பாறையைத் திட்டினார். இரண்டு முறையும் கயிறு தாங்கியது. திட்டை அடைந்து, குட்டிக் கயிற்றின் கொக்கியை வளையத்தில் மாட்டிவிட்டு, திரும்பி நின்று சுற்றிப் பார்த்தார். இறக்கு என்று சொல்லவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்.

"போதுமா?" என்று இவர் கீழிருந்து கேட்டார்.

"இருங்க."

மறுபடி கேட்டதற்கு அக்கா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் ஃப்ளாஸ்க் மூடியில் காப்பி ஊற்றி நீட்டினேன். கயிற்றிலிருந்து கையை எடுக்க மாட்டேன் என்று தலையை அசைத்தார். நெற்றி வியர்வை கண்ணுக்குள் இறங்கியும் துடைக்கவில்லை.

"கழுத்து வலிக்குதா?" என்று கேட்டேன்.

மேலே பார்த்தபடியே சொன்னார்: "பயமா இருக்குப்பா. ஒவ்வொரு ஞாயிறும் இவ இப்படியா நின்னா?"