குடைத்துணிக் கூரை போட்ட கார்

என் மேசையின் மேல் ஒரு பழங்காலத்துக் கார் நிற்கிறது. ஒரு சாண் நீளம்கூட இருக்காது. கறுப்பு உடம்பு, சிவப்பு மட்கார்டு, ஊசி ஊசியாய் ஆரம் வைத்த சக்கரங்கள். பெட்டியின் மேல் அச்சடித்திருந்த படத்தில் இந்தக் காருக்கு வழவழவென்று ஒரு கூரை உண்டு. என்னிடம் இருப்பதற்குக் கூரை கிடையாது. பின்சீட்டுக்குப் பின்னால் மடித்து ஒட்டிய கறுப்புத் துணிதான் இருக்கிறது. அது இப்போது நைந்து நூல் பிரிகிறது. போன மாதம் நல்ல கறுப்புத் துணியாகப் பார்த்து வாங்கிவந்தேன், மாற்றிவிடலாம் என்று. மாற்றவில்லை. ஏன் என்று சொல்வதற்கு என் அண்ணியின் கதையைச் சொல்ல வேண்டும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் வேப்பம்பட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு மருமகளாய் வந்தவர் அண்ணி. மீஞ்சூரை ஒட்டிய கிராமம் எங்களுடையது. நெல் விளையும் நிலம், பம்ப்செட், இரண்டு ஜோடி மாடு, எல்லாவற்றுக்கும் மேலே எங்கள் அப்பா, நைனா. அண்ணன் திருவள்ளூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டு வார விடுமுறைக்கு மட்டும் வருவார். நான் ஆசிரியப் பயிற்சி முடித்துவிட்டு வேலைக்கான உத்தரவு வரும் வரும் என்று தபால்காரரின் சைக்கிள் மணிக்குக் காது கொடுத்திருந்தேன். அண்ணிக்குக் காத்திருக்கவும் ஒன்றுமில்லை. அதுதான் அவரை அரித்தது. “சோறாக்கி எறக்கிட்டா அப்பால கை சும்மா கீது. எனக்குன்னு ஒரு வேல வேணும். இல்லாங்காட்டி பேஜாரா கீது” என்று என்னிடம் மட்டும் சொல்வார்.

சென்னைத் துறைமுகத்தில் வேலை பார்த்த அண்ணியின் தம்பி ஒருநாள் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். கப்பல்காரர் ஒருவர் அவருக்குக் கொடுத்ததாம். திறந்தால் கார் இல்லை. கொடியில் காய் தொங்குவதுபோலப் பிளாஸ்டிக் சட்டங்களில் கதவும் சக்கரமும் ஸ்டீயரிங்கும் தனித்தனியாய்த் தொங்கின. கூடவே படம் போட்ட தாள் ஒன்று. எழுத்தெல்லாம் எங்களுக்குத் தெரியாத பாஷை. அண்ணி அதைத் தலைகீழாய்ப் பிடித்துப் பார்த்தார், நேராய்ப் பிடித்துப் பார்த்தார், அம்புக்குறிகளை விரலால் தொடர்ந்தார். மறுநாள் காலை அடுப்பு வேலை முடிந்ததும் அண்ணனின் பழைய பிளேடை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அந்த வேலைக்கு இத்தனை பொறுமை வேண்டியிருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. ஒவ்வொரு துண்டையும் சட்டத்திலிருந்து அறுத்தெடுத்து, அறுத்த இடத்தில் நிற்கும் பிசிறை உப்புத்தாளில் தேய்த்து, ஒட்டாமல் முதலில் பொருத்திப் பார்க்க வேண்டும். பசையைத் தீக்குச்சி முனையில் தொட்டு வைக்க வேண்டும். துளி அதிகமானால் நூல் இழுத்துக்கொண்டு வரும், கண்ணாடியில் பட்டால் மங்கிவிடும். பெயின்ட்டுக்கு எங்கே போவது? பொங்கலுக்கு மாட்டுக் கொம்பில் அடித்தது போக மிஞ்சிய சிவப்பும், பம்ப்செட்டுக்கு வாங்கிய கறுப்பும் இருந்தன. டர்பன்டைன் விட்டு நீர்க்கக் கரைத்து, மெல்ல மெல்ல மூன்று பூச்சு. தூசி ஒட்டாமலிருக்க மழை தூறிய காலைகளில்தான் பூசுவார். பூசியதும் சோறாக்கும் குண்டானைக் கவிழ்த்து மூடிவிடுவார். “குண்டானு எங்கடி?” என்று நைனா கேட்டால் “கார் காயுது நைனா” என்பேன்.

பம்பருக்குப் பளபளப்பு வேண்டுமென்று சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித்தாளை நகத்தால் நீவி நீவி ஒட்டினார். பளபளப்பு அருமையாக வந்தது. ஆனால் இந்த வீட்டில் வெள்ளித்தாள் எங்கிருந்து வந்தது என்று நைனா யோசித்ததில், அண்ணன் சிகரெட் குடிக்கிற சங்கதி அம்பலமாகிவிட்டது. அந்த வாரம் அண்ணன் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

அந்தச் சமயத்தில்தான் கும்மிடிப்பூண்டியில் புதிதாய்த் தொடங்கிய ஒரு பொம்மைப் பட்டறைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அண்ணியின் தம்பி செய்தி கொண்டுவந்தார். அச்சிலிருந்து வரும் பிளாஸ்டிக் பொம்மைகளைச் சீவி, தேய்த்து, வண்ணம் பூசும் வேலை. ‘ஏதாவது ஒரு சாமானை முழுசாக முடித்து, விஜயதசமியன்று கொண்டுவந்து காட்டட்டும், பார்த்துச் சொல்கிறேன்’ என்றாராம் முதலாளி. அண்ணி வாய்விட்டுக் கேட்டதும் நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “ஊட்டு மருமவ ரயிலேறி வேலைக்குப் போறதா? ஊரு இன்னா பேசும்?” மூன்றாம் நாள் அவரே வந்தார். “சரி. கொண்டும்போய்க் காட்டு. அந்தாளு சரின்னா போ. வேணான்னுட்டா இந்தப் பேச்ச இதோட உட்று.” அதற்குப் பிறகு அண்ணி அந்தக் காரைத் தொட்ட விதமே மாறிவிட்டது.

ஆயுத பூஜையன்று நைனா வழக்கம்போலக் கலப்பை, அரிவாள், பம்ப்செட் ஸ்பானர் எல்லாவற்றையும் கழுவிப் பலகையில் வரிசையாய் வைத்தார். பிறகு யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய், அண்ணி முடித்து வைத்திருந்த காரை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து அரிவாளுக்குப் பக்கத்தில் வைத்தார். பானட்டில் சந்தனம் தொட்டு வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்தார். அதுவரை அரைமனதாகத்தான் சரி என்றிருந்தார். எங்களுக்கு அதுவே முழுச் சம்மதம் சொன்ன மாதிரி இருந்தது. அண்ணிக்குக் கண் நிறைந்துவிட்டது. நைனா கை நிறையக் கற்பூரம் ஏற்றிக் காட்டிவிட்டு, தட்டைக் காருக்கு முன்னால் ஒட்டி வைத்துவிட்டுப் பூசணிக்காய் உடைக்க வாசலுக்குப் போனார். நாங்களும் பின்னாலேயே போனோம்.

திரும்பி வந்தால் கற்பூரச் சூட்டில் கூரை ஒரு பக்கம் வெயிலில் வாடிய வாழையிலைபோலத் தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடிச் சட்டமும் வளைந்திருந்தது. நான் கத்தியே விட்டேன். அண்ணி காரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நைனா நின்ற கோலத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. “இரும்புன்னு நெனச்சுக்கினேம்மா… நெசமான காரு மாதிரியே இருந்துச்சு” என்றார். அண்ணி வேலைக்குப் போகாமலிருக்க வேண்டும் என்று நினைத்தவரே அவர்தான். அன்று அவர் முகத்தில் அதற்கான நிம்மதி துளியும் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து அண்ணி காரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கதவுக்கு மேல அறுத்துட்டா தெறந்த காரு” என்றார். தகடு அறுக்கும் பிளேடால் கூரையை அறுத்து, வளைந்த சட்டத்தையும் எடுத்து, விளிம்பை மாலைவரை தேய்த்தார். மடித்துவிட்ட கூரைக்கு மெல்லிய கறுப்புத் துணி வேண்டும். வீட்டில் எல்லாம் பூப்போட்ட துணி. அப்போது நைனா தன் குடையைக் கொண்டுவந்தார். அண்ணனுக்குக்கூட இரவல் தராத குடை அது. கத்தரிக்கோலை வாங்கி, இரண்டு கம்பிக்கு நடுவே ஒரு பட்டியைத் தானே வெட்டிக் கொடுத்தார். “போதுமா பாரு, இன்னொன்னு வெட்றேன்.” “போதும் மாமா” என்று அண்ணி சிரித்துவிட்டார்.

விஜயதசமியன்று கும்மிடிப்பூண்டி ரயிலில் அண்ணியோடும் என்னோடும் நைனாவும் ஏறிக்கொண்டார். முதலாளி பெட்டியின் படத்தைப் பார்த்தார், காரைப் பார்த்தார். “படத்துல கூரை இருக்கே?” என்றார். அண்ணி வாயெடுக்கும் முன் நைனா முன்னால் வந்தார். “கல்பூரம் காட்டுனது நான்தாங்க. தப்பு என்னுது. எங்க ஊட்டுப் பொண்ணு கைய குத்தம் சொல்லாதீங்க.” முதலாளி அறுத்த விளிம்பில் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தார். எங்கும் தட்டவில்லை. “இந்தத் துணி எங்க வாங்குனது?” “என் கொடைங்க” என்றார் நைனா. முதலாளிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வருகிற திங்கட்கிழமையே வந்துவிடச் சொன்னார்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. சாயங்கால ரயிலுக்கு அண்ணியை அழைத்துவர நைனாதான் மீஞ்சூர் ஸ்டேஷனுக்குப் போவார். ஊர் என்ன பேசும் என்று கேட்டவர், ஊர் பார்க்க அந்த ஓட்டைக் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வேறு வாங்கச் சொன்னால், “ஒரு பக்கம் நல்லாத்தானே கீது” என்பார். நல்ல பக்கம் அண்ணிக்கு, ஓட்டைப் பக்கம் அவருக்கு. இருவரும் வீடு வந்து சேரும்போது அண்ணியின் புடவைக் கரை மட்டும் ஈரமாயிருக்கும். நைனா தலையிலிருந்து சொட்டிக்கொண்டிருப்பார். அண்ணி அந்தப் பட்டறையிலேயே வண்ணப் பிரிவுக்குத் தலைமையாகி, தலை நரைத்துத்தான் வெளியே வந்தார்.

போன வாரம் அண்ணி வந்திருந்தார். கை கொஞ்சம் நடுங்குகிறது, கண் இன்னும் கூர்மை. பானட்டில் சந்தனம் வைத்த இடத்தில் பளபளப்புப் போய் ஒரு வட்டம் தெரியும். அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார். மேசையில் நான் வாங்கி வைத்திருந்த புதுத் துணி கண்ணில் பட்டதும் சிரிப்பு நின்றது. பிரிந்து தொங்கிய நூல்களை ஒவ்வொன்றாய் விரலால் உள்ளே தள்ளிவிட்டார்.

“இத்த மாத்தாதடி. இதுக்கோசரம் மாமா எத்தினி மழ நனைஞ்சாரு” என்றார்.