மீன் விற்ற சில்லுக்கதிரை

குருநகரில் கோவிலுக்குப் பின்புற ஒழுங்கையில் எங்கள் வீடு இருந்தது. வீடு எங்களுடையது என்றாலும் அதில் எங்களுக்கென்று இருந்த இடம் குறைவு. அம்மா கோவில் உதவிச் சங்கத்தில் இருந்தார். யாருக்கோ போகவேண்டிய அரிசிப் பைகள் கதவடியில் இருக்கும். யாரோ தந்த பழைய உடுப்பு மூட்டைகள் என் கட்டிலில் கிடக்கும். பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடும் அவசரத்தில் என் வெள்ளைச் சட்டையைத் தேடி, யாருடையதோ சட்டையை இழுத்தெடுத்த நாட்கள் உண்டு. சத்தம் போட்டால், “ரெண்டு நாள் பொறுக்க ஏலாதே உனக்கு?” என்பார். அந்த இரண்டு நாள் என் சின்ன வயது முழுக்க முடியவேயில்லை.

அப்படி எங்கள் வீட்டுக்குள் வந்து வழியை மறித்த சாமான்களில் ஒன்றுதான் அந்தச் சில்லுக்கதிரை. நடக்க ஏலாதவர்களை இருத்தித் தள்ளுகிற அந்தச் சக்கர நாற்காலி சவிரி மாமாவுக்காக வந்தது.

சவிரி மாமா எங்களுக்குச் சொந்தமில்லை, பக்கத்து ஒழுங்கைக்காரர். கடற்தொழில் செய்தவர். படகைக் கரையில் ஏற்றும்போது அது சரிந்து அவருடைய வலது காலை நசுக்கிவிட்டது. பெரியாஸ்பத்திரியில் நெடுநாள் கிடந்து வீட்டுக்கு வந்தபின் அந்தக் கால் மடங்கவுமில்லை, பாரம் தாங்கவுமில்லை. ஊன்றுகோலோடு தெருவில் விழுந்தெழும்பிய பிறகு அவர் வெளியில் வருவதையே விட்டுவிட்டார். மனைவி கருவாடு காயவைத்து விற்றுக் குடும்பத்தைக் கொண்டிழுத்தார். இதைக் கேள்விப்பட்ட பின் அம்மா சும்மா இருப்பாரா? கோவில் பாதரைப் பிடித்தார். பாதர் கனடாவிலுள்ள ஊர்க்காரரைப் பிடித்தார். கதிரை வந்தது.

ஒரு ஞாயிறு பூசை முடிய பாதர் கதிரைக்குத் தீர்த்தம் தெளித்தார். சவிரி மாமாவை அதில் இருத்திவிட்டுச் சங்கத்தார் சுற்றிவர நின்று படமெடுத்துக் கனடாவுக்கு அனுப்பினார்கள். படத்தில் எல்லோரும் சிரிக்கிறார்கள். கதிரையில் இருந்தவர் மட்டும் குனிந்திருக்கிறார். முகத்தில் வெயில் அடித்திருக்கும் என்றார் அம்மா.

கொஞ்ச நாள்தான் போயிருக்கும். சங்கத்து மாமி ஒருத்தி படலையைத் திறந்துகொண்டு மூச்சிரைக்க வந்தார்.

“அக்கா, உங்கடை கதிரை கடற்கரை றோட்டிலை நிண்டு மீன் விக்குது!”

அம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அடுப்பிலிருந்த சட்டியை இறக்கி வைத்துவிட்டு, என் கையையும் பிடித்து இழுத்துக்கொண்டு புறப்பட்டார். நான் அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தேன். எதற்கு என்னையும் இழுத்தார் என்று இன்றுவரை தெரியாது. வழிநெடுக, “பாதரின்ரை முகத்திலை நான் என்னெண்டு முழிக்கிறது? கனடாக்காரருக்கு என்ன சொல்லுறது?” என்று என்னிடமே கேட்டுக்கொண்டு வந்தார்.

அந்த மாமி சொன்னது உண்மைதான். கதிரையில் ஒரு பிளாஸ்டிக் மீன்பெட்டி கயிற்றால் கட்டப்பட்டு ராசா மாதிரி இருந்தது. கைபிடியில் தராசு தொங்கியது. பின்னால் சவிரி மாமா, காலை இழுத்து இழுத்து, கதிரையைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

“உதென்ன வேலை சவிரி? உது உம்மை இருத்தித் தள்ளத் தந்ததோ, மீனை இருத்தித் தள்ளத் தந்ததோ?”

அவர் நின்றார். “இருந்து பாத்தனான் அக்கா. மனிசி தள்ளிக்கொண்டு வர, சனம் விலத்தி நிண்டு செத்தவீட்டிலை கதைக்கிற மாதிரிக் கதைக்குது. பெட்டியை வைச்சு நான் தள்ளினா, ‘என்ன விலை’ எண்டு கேக்குதுகள்.”

“அதுக்கு ஒரு வண்டில் வாங்கும்!”

“வண்டில் என்னைத் தாங்காது அக்கா. இது தாங்குது. பெட்டி இல்லாட்டித்தான் என்ரை பாரத்துக்குச் சாயுது.”

அம்மா கேட்கும் நிலையில் இல்லை. ஒழுங்காகப் பாவிக்காவிட்டால் கதிரையைத் திருப்பி எடுப்பது என்று சங்கம் தீர்மானித்திருந்தது. தீர்மானத்தைச் சொன்னவரும் அம்மாதான். “விடும். நான் கொண்டுபோறன்,” என்று கைபிடியைப் பிடித்தார். சவிரி மாமா கையை எடுத்தார். எடுத்ததும் ஆடிப்போய், பக்கத்து மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்த நேரம் பார்த்து ஒருவர் மோட்டார்சைக்கிளை நிறுத்தி, காலை ஊன்றியபடி அம்மாவிடம் கேட்டார்: “பாரை என்ன விலை?”

“எனக்கென்ன தெரியும்? அவரைக் கேளுங்கோ!”

சவிரி மாமா மதிலில் சாய்ந்தபடியே விலை சொன்னார். பிறகு, “அக்கா, அந்த அடியிலை கிடக்கிற பெரிசை ஒருக்கா எடுத்துத் தராசிலை வையுங்கோ,” என்றார். ஒரு கணம் நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். மீன் சவிரி மாமாவின் தலையில் விழப்போகிறது என்றுதான் நினைத்தேன். ஆனால் அம்மா மீனை எடுத்து வைத்தார். அதற்குள் இன்னொருத்தி வந்து விளைமீனின் செவுளை விரித்துப் பார்த்தாள். அவளைப் பார்த்து இன்னும் இருவர் வந்தார்கள். பெட்டி பாதியாகும்வரை சங்கத்தின் தீர்மானம் மீன் நிறுத்துக்கொண்டு நின்றது.

கடைசியில் அம்மா கையை உதறினார். “இந்தாரும், பிடியும் உம்மடை கதிரையை!” என்று தள்ளிவிட்டுத் திரும்பிப் பாராமல் நடந்தார். வீட்டில் மூன்று தரம் சவர்க்காரம் போட்டும் மணம் போகவில்லை என்று அதற்கும் என்னைத்தான் ஏசினார்.

அடுத்த ஞாயிறு சங்கத்தில் பெரிய சண்டை. கதிரையை எடுத்துவிடவேண்டும் என்று எல்லோரும் சொல்ல, “கதிரை குடுத்தது அந்த மனிசன் இருக்கிறதுக்கோ, எழும்புறதுக்கோ?” என்று அம்மா கத்தியது வெளியில் விளையாடிக்கொண்டிருந்த எங்களுக்கே கேட்டது. பாதர் சிரித்துக்கொண்டு கூட்டத்தை முடித்தாராம். கனடாக்காரர் மறுபடி படம் கேட்டபோது அம்மா மீன்பெட்டியோடேயே எடுத்து அனுப்பினார். கதிரை பழுதாகிவிட்டதா, இன்னொன்று அனுப்பவா என்று அங்கிருந்து கேள்வி வந்தது. அம்மா தலையிலடித்துக்கொண்டார்.

அதன்பிறகு நாங்கள் மீன் வாங்கியது சவிரி மாமாவிடம்தான். என் மானம் போனதும் அங்கேதான். உதவி கேட்டு வீட்டுக்கு வருகிறவர்களிடம் அம்மாவின் குரல் பஞ்சு மாதிரி இருக்கும். சவிரி மாமாவிடம் மட்டும் நடுத்தெருவில் நின்று, “உது நேத்தையான் மீன், எனக்கே தலையிலை கட்டப் பாக்கிறீரோ?” என்று கத்துவார். “நேத்தையானோ? கண்ணைப் பாருங்கோ அக்கா, இன்னும் உங்களைப் பாத்துக்கொண்டு கிடக்கு!” என்று அவரும் விடமாட்டார். கால் ஏலாத மனிதரோடு இப்படிப் பேரம் பேசுகிறாரே என்று எனக்கு அம்மாவில் ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

ஒருநாள் பொறுக்கமுடியவில்லை. எல்லோர் முன்னும் சொல்லிவிட்டேன். “அம்மா, கேட்டதைக் குடுங்கோவன். கால் ஏலாத மனிசனல்லே!”

சவிரி மாமா குனிந்துகொண்டார். மீனைப் பையில் போட்டு, “நீங்கள் சொன்ன விலைக்கே கொண்டுபோங்கோ அக்கா,” என்று மெல்லச் சொன்னார். அம்மா அந்த விலையைக் கொடுத்தார். ஒழுங்கை திரும்பியதும் என் கையில் ஒரு நுள்ளு நுள்ளினார், தோல் கன்றிப்போனது.

நான் அழுதுகொண்டே பின்னால் நடந்தேன். இவ்வளவு நாளும் தொண்டை கிழியக் கத்தியும் குறைக்காத விலையை ஒரே சொல்லில் குறைத்து வாங்கிக் கொடுத்திருக்கிறேன், எனக்கு எதற்கு இந்த நுள்ளு என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.