அம்மாவுக்குச் செய்த ஆடும் நாற்காலி

நேற்று பக்கத்து வீட்டில் யாரோ பைன் பலகை அறுத்தார்கள். அந்த வாசனை வந்ததுமே எனக்குக் கோபம் வந்துவிட்டது.

2004இல் ஓசூரில் வாடகை வீட்டில் இருந்தோம். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சிப்காட்டில் வேலை. நாளெல்லாம் நின்றே வேலை பார்ப்பதால் அம்மாவுக்குக் கால் வீங்கிவிடும். அவளுக்காக அப்பா, கம்பெனிப் பெட்டிகளை உடைத்து எடுத்த பைன் பலகைகளை வாங்கிவந்து, வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் ஒரு ஆடும் நாற்காலி செய்தார். அடியில் வரும் வளைந்த கட்டைகள் இரண்டும் ஒரே சீராக வரும்வரை இழைத்துக்கொண்டே இருந்தார். வீடெல்லாம் பிசின் வாசனை.

வார்னிஷ் காய்ந்த அன்று, மாடியில் இருந்த வீட்டுக்காரர் இறங்கி வந்து அதில் உட்கார்ந்து ஆடினார்.

"நல்லாருக்குது முருகேசா. மேல எங்கூட்ல கொண்டாந்து போட்டுரு."

அப்பா உடனே தூக்கிக்கொண்டு போனார். வேலை முடிந்து வந்த அம்மாவிடம் நான்தான் சொன்னேன்.

"யாரக் கேட்டுக் குடுத்தீங்க?" என்றாள் அப்பாவிடம்.

"வூட்டக் காலி பண்ணச் சொல்லிட்டா எங்க போறது?"

அம்மா யூனிபார்மைக்கூட மாற்றாமல் மாடியேறினாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"எந்திரிங்க சார். இது எனக்குச் செஞ்சது."

"ஒரு சேருக்குப் போயி இவ்ளோ கோவமா?" என்று அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அம்மா அசையாமல் நின்றாள். கடைசியில் அவர் எழுந்தார். அம்மா ஒற்றை ஆளாக அதைக் கீழே இறக்கினாள்.

அடுத்த மாதமே வீட்டைக் காலி செய்யச் சொன்னார். புது வீட்டு வாசலில் டெம்போ நின்றதும், அப்பா முதலில் நாற்காலியை இறக்கித் தெருவிலேயே போட்டார்.

"நீ உக்காரு" என்றார் அம்மாவிடம்.

நாங்கள் சாமான்களைச் சுமந்து முடிக்கும்வரை, தெருவே பார்க்க, அம்மா ஆடிக்கொண்டிருந்தாள்.