நடவு நாளில் நடந்த தேர்தல்

தலைமை ஆசிரியரே, என் ஓட்டை நீங்கள் திருடினீர்கள். இதற்கு வேறு நல்ல வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தேர்தல், பெற்றோர் ஓட்டுப் போட வேண்டும், தலைவியாக ஒரு தாய்தான் இருக்க முடியும் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். நான் நிற்பதாக இருந்தேன். ஏழாவது படிக்கும் என் மகளுக்காக. பெண்பிள்ளைகளின் கழிப்பறையில் தண்ணீர் வராது, கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. அதனால் மாதத்தில் நாலு நாள் அவள் வீட்டில் கிடக்கிறாள். நேரில் வந்து கேட்டேன். குழு தீர்மானம் போட்டால்தான் செய்யலாம் என்றீர்கள். சரி, குழுவுக்குள் போய்விடுவோம் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை என்று சொன்ன தேர்தலை வெள்ளிக்கு மாற்றினீர்கள். மாற்றியதை டீக்கடையில் சொன்னீர்கள். எங்களில் எவள் டீக்கடையில் போய் நிற்கிறாள்?

அந்த வெள்ளிக்கிழமை பத்துப் பெண்கள் சம்பா நடவில் குனிந்திருந்தோம். டீக்கடைக்காரர் வரப்போரம் வண்டியை நிறுத்தி, என் பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்த தன் மனைவியைக் கூப்பிட்டார்.

"அடியே, ஒன்னத் தலைவியாக்கிட்டோம்."

"எதுக்குத் தலைவி?"

"ஸ்கூலுக்கு."

"எனக்கு நாத்து நடத்தான் தெரியும். நீங்களே போய் உக்காருங்க."

"நான்தான் உக்காருவேன். ஒம் பேரு இருந்தாப் போதும்."

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். தேர்தல் முடிந்துவிட்டது என்று பிறகுதான் உறைத்தது. பாதி வரிசையை விட்டுவிட்டுக் கரையேறினேன். ஆள் குறைந்தால் மற்றவர்கள் என் பங்கையும் நட வேண்டும், திட்டினார்கள். திட்டட்டும் என்று பள்ளிக்கு நடந்தேன்.

"சேத்துக் காலோட உள்ள வராதீங்கம்மா. கூட்டம் முடிஞ்சிருச்சு" என்றீர்கள்.

"நான் இன்னும் ஓட்டுப் போடலையே சார்."

"வந்ததா கையெழுத்து இருக்கே, பாருங்க."

என் கையெழுத்துதான். சீருடை கொடுத்த அன்று இரண்டாவதாக ஒரு தாளை நீட்டினீர்களே, அது. இலவசமாக எதைக் கொடுத்தாலும் காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டுப் பழகியவர்கள் நாங்கள். படிக்காமல் போட்டது என் தப்பு. ஒத்துக்கொள்கிறேன். உங்கள் தப்பை நீங்கள் ஒத்துக்கொள்ளவில்லை.

வீட்டில் என் கணவரிடம் கேட்டேன். அவருக்குத் தேதி மாறியது தெரியும்.

"ஒனக்கும் சேத்துத்தானே கை தூக்குனேன்" என்றார்.

"அப்ப ரெண்டு கையையும் தூக்குனீங்களா?"

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

முதல் கூட்டத்தில் டீக்கடைக்காரர்தான் தலைவி நாற்காலியில் உட்கார்ந்தார். சுற்றுச்சுவருக்கு வர்ணம் அடிக்கத் தீர்மானம் போட்டீர்கள். கழிப்பறை பற்றி ஒரு வரி இல்லை. வயலில் என் பக்கத்தில் நடுகிற தலைவிக்கு அந்தக் கூட்டம் நடந்ததே தெரியாது.

இந்த மாதம் என் மகள் ஐந்து நாள் போகவில்லை. "எட்டாவது வேணாம்மா. நானும் ஒன்கூட நடவுக்கு வர்றேன்" என்கிறாள். அடிக்கக் கை ஓங்கிவிட்டு இறக்கினேன். அவளை அடித்து என்ன ஆகப்போகிறது.

வருகிற கிராம சபைக்கு வாருங்கள். உங்கள் அறையில் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சமாதானம் சொல்ல வேண்டாம். அத்தனை தாய்மாருக்கும் முன்னால் மைக்கைப் பிடித்துச் சொல்லுங்கள்: தேதியை யாருக்காக மாற்றினீர்கள்? அன்று அந்த அறையில் கை தூக்கிய பெண்கள் எத்தனை பேர்?